லீவுக்கு ஒரு விவாகரத்து

"லீவா? இந்த வருஷம் ஒரு பயலுக்கும் கிடையாது!" என்று சுபேதார் கையை விரித்துவிட்டுப் போனதும், அந்தப் பனிமலையிலும் ஹவில்தார் நெல்சனுக்கு வேர்த்தது.

மே மாதம் மகள் ஆன்லினுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஞானஸ்நானத்துக்கும் அவன் வரவில்லை, பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றும் வரவில்லை. "இதுக்கும் வரலைன்னா நீங்க எனக்கு அப்பாவே இல்ல" என்று ஃபோனில் சொல்லிவிட்டது அந்த வாண்டு. சொன்னால் செய்கிற பிள்ளை, அப்படியே தாயை உரித்து வைத்தது.

காரைக்கால் கோவில்பத்தில் பிறந்தவனுக்கு மூளைக்கா பஞ்சம்? போன வருஷம் பக்கத்து பாரக்கில் இருந்தவனுக்கு ஊரில் விவாகரத்து வழக்கு வந்தது. நோட்டீஸ் வந்த கையோடு அவனை லீவில் அனுப்பிவைத்தார்கள். அது ஞாபகத்துக்கு வந்ததுதான் தாமதம், நெல்சன் சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி மனைவி சில்வியாவைக் கூப்பிட்டான்.

"சில்வியா, நீ என் மேல டைவர்ஸ் கேஸ் போடு."

சிக்னல் போய்விட்டதோ என்று இன்னும் கொஞ்சம் மேலே ஏறினான்.

"நிஜமாவா சொல்றீங்க?"

"நிஜமா இல்லடி, நாடகம்! கோர்ட் கேஸ்னாத்தான் லீவு குடுப்பாங்க. புதுநன்மை முடிஞ்சதும் வாபஸ் வாங்கிடலாம்."

"காரணம் கேப்பாங்களே, என்னன்னு எழுதறது?"

"உனக்குத் தோணுறத எழுது. படிக்கிறவன் பதறணும். பொய்தானே, அதுல என்ன கஞ்சத்தனம்?"

"பின்னாடி வருத்தப்படக் கூடாது."

"வருத்தமா, எனக்கா? போடுன்னா போடு!"

மறுநாளே பதில் வந்துவிட்டது. "போட்டாச்சுங்க."

நெல்சன் அசந்துபோனான். ரேஷன் கார்டில் பிள்ளை பேரைச் சேர்க்கவே செருப்புத் தேய நடந்த ஊர் அது. அங்கே ஒரே நாளில் மனுவா? சில்வியா பிடித்த வக்கீல் உமாமகேஸ்வரி பெண்ணல்ல, புயல் என்று முடிவு கட்டினான்.

பட்டாளத்துக்காரனுக்கு வருகிற சம்மன் நேராக அவன் கைக்கு வராது, அவனுடைய கமாண்டிங் ஆபீசர் வழியாகத்தான் வரும். கர்னல் கூப்பிட்டனுப்பியபோது நெல்சன் ஷேவிங் கண்ணாடியில் பழகிய சோக முகத்தோடு போய் நின்றான்.

கர்னல் பெரிய மீசைக்காரர், அதைவிடப் பெரிய மனசுக்காரர். "கவலையே படாதே நெல்சன்! எல்லையில் நிற்கிற சிப்பாயை அவன் இல்லாத நேரம் பார்த்துக் கோர்ட்டில் தோற்கடிக்க முடியாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. நான் ஒரு சான்று எழுதி அனுப்பினால், நீ கீழே இறங்குகிற வரைக்கும் வழக்கு அப்படியே நிற்கும். நீ ஊருக்குப் போகவே வேண்டாம்!" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

போச்சுடா! சட்டம் காப்பாற்றி, லீவைக் கொன்றுவிட்டது.

மறுபடியும் பாறை.

"சில்வியா, கோர்ட் மட்டும் பத்தாது. கர்னலுக்கே ஒரு புகார் எழுது. சோத்துக்கு வழியில்லன்னு அழு."

"ஜீவனாம்சம்னு கேட்டு எழுதணுங்க. கோர்ட்டுக்குப் போகாமயே உங்க ஆபீசர்ங்களே விசாரிச்சு, சம்பளத்துல மூணுல ஒரு பங்கு வரைக்கும் புடிச்சு எனக்கு அனுப்பலாம்."

"அடியேய், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"வக்கீலம்மா சொன்னாங்க."

"சரியான அம்மாதான். எழுது, எழுது!"

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான் இது. அடுத்த வாரம் கர்னல் மேசையில் புகாரும் மனுவும் ஜோடியாகக் கிடந்தன. மீசை கூரையைப் பார்த்து நின்றது. சுபேதார் முன்னிலையில் கர்னல் ஒவ்வொரு பத்தியாக உரக்கப் படித்தார்.

"லீவில் வந்தால் முதல் வாரம் தூக்கம். இரண்டாம் வாரம் கருக்களாச்சேரி கூட்டாளிகளோடு படகில். மூன்றாம் வாரம் அதே கூட்டாளிகளோடு சாராயக் கடையில். நான்காம் வாரம் பெட்டி கட்டுவார். எனக்கென்று ஒரு நாள் கிடையாது."

சுபேதார் தொண்டையைச் செருமினார்.

"வீட்டில் இருக்கிற கொஞ்ச நேரத்திலும் விடியற்காலையில் விசில் ஊதி எழுப்பி, சமையலறை டப்பாக்களை வரிசை பார்ப்பார்."

அடேயப்பா, என்ன கற்பனை என்று நெல்சன் மனசுக்குள் மெச்சிக்கொண்டான்.

"போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. எனக்கு டெங்குக் காய்ச்சல். பிள்ளையைக் கட்டில்மேல் உட்காரவைத்துவிட்டு இவருக்கு ஃபோன் செய்தேன். 'எல்லாம் ஓகேதானே?' என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்."

இது மட்டும் எங்கேயோ கேட்டது மாதிரி இருந்தது நெல்சனுக்கு.

"ஹவில்தார் நெல்சன், இதெல்லாம் உண்மையா?"

உண்மை என்றால் மானம் போகும், பொய் என்றால் லீவு போகும். மானம் எப்படியும் இன்னொரு நாள் வரும்.

"உண்மைதான் சாகிப்."

லீவுக்குப் பதிலாகச் சம்பளத்தில் ஏன் பிடிக்கக் கூடாது என்று விளக்கம் கேட்கும் ஓலை வந்தது. செய்தி பரவி, முகாம் சமையல்காரன் அவன் தட்டில் பருப்புத் தண்ணீரை மட்டும் ஊற்றினான். "டெங்குல கெடந்தவள விட்டுட்டியே பாவி" என்று முகத்துக்கு நேரே சொன்னான். இரண்டு நாள் தாக்குப்பிடித்த நெல்சன், மூன்றாம் நாள் கர்னல் முன்னால் பொலபொலவென்று அழுதே விட்டான்.

"சேர்ந்து வாழணும் சாகிப்! ஒரே ஒரு தடவை ஊருக்கு விடுங்க!"

அழுகையில் பாதி நடிப்பு. மீதிப் பாதி எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. கர்னல் மீசை இறங்கியது, லீவும் கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை. கர்னலின் சம்சாரம், அதாவது மேம்சாப், நினைத்த நேரத்தில் வீடியோ கால் போடுவார். அப்போது நெல்சன் தன் மனைவியின் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ரயில்.

கோவில்பத்து வீட்டில் பெட்டியை வைத்ததுமே கருக்களாச்சேரியிலிருந்து கூட்டாளி கூப்பிட்டான். "மாப்ள, படகு ரெடி!" நெல்சன் பைக்கில் காலைப் போட்டதுதான், உள்ளே சில்வியாவின் ஃபோன் அடித்தது.

"ஏங்க, மேம்சாப்!"

ஓடி வந்து கையில் கிடைத்த கரண்டியோடு கேமரா முன் நின்றான். "குட், குட்! சமையலா?" என்று கேட்டார் மேம்சாப். அன்றைக்குச் சமைக்க வேண்டியதாகிவிட்டது.

மறுநாள் மத்தி மீன் ஆய்கிறபோது கால். அதற்கடுத்த நாள் ஆன்லினுக்குச் சடை பின்னுகிறபோது கால். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிய அந்தச் சடையோடு பிள்ளை பெருமையாகப் பள்ளிக்கூடம் போனாள். படகு அவனில்லாமலே போய் வந்தது. "உனக்கு என்னடா ஆச்சு?" என்றான் கூட்டாளி. "ஹவுஸ் அரெஸ்ட்" என்றான் நெல்சன்.

மூன்றாம் வாரம் மேம்சாப் கூப்பிடவே இல்லை. ஆனாலும் நெல்சன் சில்வியா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"ஏ சில்வி, அந்த மழைக்கதை... நெசமா?"

"பொய்தானே எழுதச் சொன்னீங்க?"

"இல்ல, சொல்லேன்."

அவள் சொன்னாள். கட்டில் கால் வரை தண்ணீர் ஏறியதையும், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே பிள்ளைக்குக் கதை சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நெல்சன் முழுசாகக் கேட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்றான்.

புதுநன்மை அன்று வெள்ளை உடுப்பும் மெழுகுவர்த்தியுமாகக் கோயிலில் நடந்து வந்த ஆன்லின், பாதி வழியில் நின்று அப்பா இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். இருந்தார், முதல் வரிசையில்.

லீவு முடிய இருந்தபோது மூவரும் வழக்கை வாபஸ் வாங்க வக்கீல் ஆபீசுக்குப் போனார்கள். உமாமகேஸ்வரி கோர்ட்டில் இருந்தார். குமாஸ்தா முத்தையன்தான் காகிதத்தை நீட்டினார்.

சில்வியா பேனாவை வாங்கினாள். புருஷனைப் பார்த்தாள். அவன் ஆன்லினின் கோணல் சடையை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தான். மடமடவென்று கையெழுத்துப் போட்டாள்.

"வாடி, ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.

நெல்சன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். இவ்வளவு பெரிய வெற்றியை யாரிடமாவது சொல்லாவிட்டால் எப்படி?

"எல்லாம் நம்ம ஐடியாதாங்க! ஆனா உங்க ஆபீஸைப் பாராட்டணும். நான் ஃபோன்ல சொன்ன மறுநாளே மனுவைப் போட்டுட்டீங்களே, ஒரே நாள்ல எப்படிங்க முடிஞ்சுது?"

முத்தையன் காகிதக் கட்டை நிதானமாகக் கட்டி முடிச்சுப் போட்டார்.

"ஒரே நாளா? நல்லாச் சொன்னீங்க போங்க! உங்க வீட்டம்மா தை மாசமே கையெழுத்துப் போட்ட மனு சார் அது. 'அவரா ஒரு தடவை மனசாரக் கூப்பிட்டுப் பேசட்டும், அதுவரைக்கும் தாக்கல் பண்ணாதீங்க'ன்னு நிறுத்தி வச்சிருந்தாங்க, கடைசியில நீங்களே கூப்பிட்டு 'போடுன்னா போடு'ன்னுட்டீங்களாமே!"