மாமா கொடுத்த கடிகாரமும் நஸீராவின் ஒட்டகங்களும்

தாராவி, பம்பாய்-17
12-10-1966, புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய மாமா ஜெயினுலாப்தீன் அவர்களுக்கு,

தங்கள் மருமகன் கலீலுல்லா சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் தங்கள் மகள் நஸீராவும் இங்கே சுகம். மேலப்பாளையத்தில் தாங்களும் மாமியும் சுகமாகவும், தங்கள் முழங்கால் வலி மட்டும் சுகமில்லாமலும் இருக்க துஆ செய்கிறேன்.

நலம் விசாரிப்பதை இத்தோடு நிறுத்திக்கொள்வதற்கு மன்னிக்கவும், விஷயம் அவசரம். இந்தக் கடிதம் கண்டதும் தாங்கள் தங்கள் மகளுக்கு, தகப்பனார் என்ற முறையில், “சந்தையில் கடை போடும் வேலையெல்லாம் வேண்டாம்” என்று கண்டிப்பாக நாலு வரி எழுத வேண்டும். அதை நீயே சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். நான் சொல்ல முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

எங்கள் வீடு மாடியில், தோல் பெட்டி தைக்கும் பட்டறை கீழே என்பது தங்களுக்குத் தெரியும். பெட்டிக்குத் தோல் வெட்டும்போது துண்டும் துணுக்குமாக நிறைய மிஞ்சும். அதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய் நஸீரா ஒருநாள் ஓர் ஒட்டகம் தைத்து, உள்ளே பஞ்சு அடைத்து, பட்டறை ஆணியில் தொங்கவிட்டாள். நானும் ஏதோ பொழுது போகிறது என்று இருந்துவிட்டேன். போன மாதம் செம்பூரிலிருந்து ஓர் அம்மாள், டிராம்பேயில் பெரிய ஆபீசர் வீட்டு அம்மாள், பெட்டிக்குக் கைப்பிடி மாற்ற வந்தார்கள். ஒட்டகத்தைப் பார்த்தார்கள். “ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு!” என்றார்கள். நஸீரா அதை உடனே ஆணியிலிருந்து அவிழ்த்து அவர்கள் கையில் வைத்துவிட்டாள். அந்த அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் இருபத்துமூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதர் சங்கம் செம்பூரில் கைவேலைச் சந்தை நடத்துகிறது, உங்கள் வீட்டம்மாவும் ஒரு மேசை போடட்டுமே என்றார்கள். நஸீரா வாயைத் திறப்பதற்குள், “கட்டாயம் வருவாள்” என்று சொன்னது அடியேன்தான். மேசைக்கு முன்பணம் கட்டியதும் அடியேன்தான். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு வேண்டாம் என்பேன்?

அன்றிலிருந்து பட்டறை பட்டறையாக இல்லை மாமா. வீட்டில் ஒட்டகத்தை நேரில் பார்த்தவர் யாரும் கிடையாது. பேரீச்சம்பழ வியாபாரி கொடுத்த காலண்டரில்தான் ஓர் ஒட்டகம் நிற்கிறது. அதிலும் கால் இருக்க வேண்டிய இடத்தில் தேதி கிழிக்கும் தாள் கட்டு ஒட்டியிருக்கிறது. ஆகையால் எங்கள் ஒட்டகங்களுக்குக் கால் குட்டை. பெட்டி தைக்கிற மாசானம் பார்த்துவிட்டு, “அக்கா, ஜுஹூ கடக்கரைல நான் பாத்தேம்லா, காலு பனமரம் கணக்கா இருக்கும்” என்றான். கால் நீளமானது. நீளமானதும் ஒட்டகம் நிற்க மாட்டேன் என்று மூக்குக் குப்புற விழுந்தது. திரும்பவும் குட்டையானது. இதற்குள் மாசானமும் கூடத் தைக்கிற காசிமும் பெட்டி வேலையை ஓரமாக வைத்துவிட்டு ஒட்டகத்துக்குக் காது வெட்ட உட்கார்ந்துவிட்டார்கள். ஆர்டர் கொடுத்த சேட் பெட்டி கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். வந்த ஆளும் நின்று காதைப் பற்றி ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போகிறான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது இனிமேல்தான் வருகிறது. மத்தியானம் கூடை நிறைய ஒட்டகம் இருக்கும், சாயங்காலம் பார்த்தால் கூடை காலி. குழாயடிக்கு வரும் பெண்கள் எட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஆளுக்கொன்று போய்விடுகிறது. பால்காரர் கொண்டு போனார். தபால்காரர் கொண்டு போனார். பக்கத்து அறை ஆவுடையம்மாள் தினமும் வந்து தினமும் புகழ்கிறார்கள், அவர்கள் வீட்டில் ஒரு மந்தையே நிற்கிறது. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டால், தங்கள் மகள் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்கள் பார்க்க வேண்டும்.

“அழகா இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லிட்டாவல்லா? பொறவும் நாம வச்சிருந்தா நல்லாவா இருக்கும்? எங்க வாப்பா எங்கள அப்படியா வளத்தாவ?”

தவறாக நினைக்க வேண்டாம் மாமா, இது தங்கள் வீட்டு வழக்கம்தான். நான் கல்யாணம் பேச வந்த அன்று, பேச்சுக்காக, “கடிகாரம் நல்லா இருக்கே” என்று ஒரு வார்த்தை சொன்னேன். தாங்கள் எழுந்துபோய், ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றி என் மடியில் வைத்தீர்கள். பம்பாய் வரைக்கும் ரயிலில் அதைப் பிள்ளையைப் போல மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன், வழியெல்லாம் மணி அடித்துக்கொண்டே வந்தது. இன்றைக்கும் பட்டறையில் என் தலைக்கு மேல் அதுதான் ஓடுகிறது. அந்த இடத்தில் தாங்கள் பிறகு வாங்கி மாட்டியது இதைவிடப் பெரியது என்று மாமி எழுதியிருந்தார்கள், சந்தோஷம். அன்றைக்கு அதே வாயால் ஜன்னல் திரையின் தையலையும் புகழ்ந்தேன். தைத்தது யார் என்று பிறகுதான் தெரிந்தது. கல்யாணமும் அந்த மாதமே முடிந்தது.

வழக்கத்தை மாற்ற முடியாது, வியாபாரத்தையாவது சொல்லிக்கொடுப்போம் என்று வீட்டிலேயே ஒரு மேசை போட்டு ஒத்திகை வைத்தேன். ஆவுடையம்மாள் வாடிக்கைக்காரராக நடித்தார்கள். “எம்மா, இந்த ஒட்டகம் என்ன வெல?” என்று அவர்கள் கேட்டதுதான் தாமதம், தங்கள் மகள், “வாங்க, உக்காருங்க, மொதல்ல டீ குடிங்க” என்றாள். அதட்டினேன். மறுபடியும் ஒத்திகை. இந்தத் தடவை விலை சொன்னாள். ஆவுடையம்மாள் பாதி விலைக்குக் கேட்டார்கள். நஸீரா, “அதுகூட எதுக்கு, சும்மா கொண்டு போங்க” என்றாள். ஆவுடையம்மாளும் நடிப்பு என்பதை மறந்து நிஜமாகவே கொண்டு போய்விட்டார்கள். அன்று ராத்திரி சோறு போடும்போது அவளிடம் முடிவாக ஒரே ஒரு பாடம் சொன்னேன்: மேசை மேல் இருப்பது எதுவாக இருந்தாலும் சரி, புகழ்கிறவர் யாராக இருந்தாலும் சரி, உட்காரச் சொல்லாதே, டீ சொல்லாதே, விலை சொல். சரி சரி என்று தலையை ஆட்டினாள். மறுநாள் காலையில் பால்காரர் தன் தங்கச்சிக்கென்று இன்னொன்று கொண்டு போனார்.

கடைசியாக நான் ஒரு தந்திரம் செய்தேன். இனிமேல் என் வீட்டு ஒட்டகத்தை யாரும் புகழக் கூடாது என்று தெருவில் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டேன். தாராவி ஜனங்கள் ஒன்றைச் சொன்னால் அரைகுறையாகச் செய்ய மாட்டார்கள். கும்பலாக வந்து, “இதென்ன, காச்சல்ல கெடந்த கழுத மாரி இருக்கு?” என்று ஒருவர், “வாயி கோணிருக்கே” என்று ஒருவர், ஆவுடையம்மாள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, “நான் பாக்கவே இல்ல” என்று. நஸீரா அழுதுவிட்டாள். அதைப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியாவது விட்டுத் தொலைப்பாள் என்று பார்த்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லா இல்லன்னா நல்லாத் தச்சிட்டாப் போச்சு” என்று எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து தைத்துக்கொண்டிருக்கிறாள்.

என் பயமெல்லாம் இதுதான் மாமா. காசு போனால் போகிறது. செம்பூரில் அத்தனை பேர் நடுவில், புகழ்ந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் கூடையும் வெறும் கையுமாக அவள் பஸ்ஸில் திரும்பி வருவாள். தெரு முழுக்க அவள் கையைத்தான் பார்க்கும். அன்று அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. ஆகவே தாங்கள் எழுதிவிடுங்கள். என்னிடமிருந்து விஷயம் வந்தது என்று மட்டும் எழுத வேண்டாம்.

மாமிக்கு என் சலாம். வீட்டில் பெரியவர்கள் அனைவரின் துஆவும் எங்களுக்கு வேண்டும். சிறியவர்களுக்கு என் அன்பு.

தங்கள் பணிவுள்ள மருமகன்,
கலீலுல்லா

பின்குறிப்பு (24-10-1966, திங்கள்): கடிதத்தைத் தபாலில் போட மறந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்துவிட்டேன். எழுதியது வீணாக வேண்டாம் என்று இப்போது அனுப்புகிறேன். மேலே உள்ளதில் சலாமைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும்.

நேற்றுச் சந்தைக்குப் போனோம். கடை என்றால் கடிகாரம் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை, ஆகவே தங்கள் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு போய் மேசை ஓரத்தில் சாய்த்து வைத்தேன். முதலில் வந்த பெண் ஓர் ஒட்டகத்தை எடுத்து, “அய்யோ, என்ன அழகு!” என்றாள். நஸீராவின் கை முன்னால் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். விலை காதில் விழுந்தது. சண்டைக்காரி மாதிரிச் சொன்னாள், ஆனால் சொன்னாள். அந்தப் பெண் குறைத்துக் கேட்டாள், இவள் அசையவில்லை. பிறகு சொல்லச் சொல்லக் குரலும் பழகிவிட்டது. எனக்கு இருந்த பெருமையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை மாமா, பக்கத்து மேசைக்காரர்களிடமெல்லாம் என் வீட்டுக்காரி என்று போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுத் திரும்பி வந்தால் கூடை காலி. கடிகாரம் இருந்த இடமும் காலி.

“நஸீரா, கடிகாரம் எங்க?”

“ஒரு பெரியவரு வந்தாவ. கடிகாரம் ரொம்ப அழகா இருக்குன்னாவ. வெல சொன்னேன்.”

“அது ஒங்க வாப்பா குடுத்ததுல்லா!”

“மேச மேல இருக்கது எதுவா இருந்தாலும், புகழுறது யாரா இருந்தாலும் வெல சொல்லணும்னு நீங்கதான சொன்னிய? கொறச்சுக் கேட்டாவ. குடுக்கல.”

இப்போது பட்டறையில் மணி தெரிவதில்லை. இன்ஷா அல்லாஹ் நோன்புப் பெருநாளுக்கு இருவரும் ஊருக்கு வருகிறோம். தங்கள் வீட்டு நடுக்கூடத்தில் தாங்கள் புதிதாக மாட்டியிருக்கும் பெரிய கடிகாரம் மிக மிக அழகாக இருக்கிறது என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.