அமாவாசையும் அரைக் கிலோ சங்கராவும்

எனக்கு மூளை இருக்கிறது என்பது கொட்டிவாக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், என் மனைவி சந்திரிகாவைத் தவிர.

"வாரத்துல ஒரு நாள் ராத்திரி சமையல் உங்களோடது. மீன் வறுவல், சாமைச் சோறு, பீன்ஸ் பொரியல். அவ்வளவுதான்" என்றாள்.

அவ்வளவுதானாம்! வெந்நீரையே தீய விடுகிற ஆள் நான். எப்படியாவது தப்பிக்கணுமே என்று சுவரில் இருந்த தினக்காலண்டரைப் புரட்டினேன். புதன்கிழமைத் தாளில் கறுப்பு வட்டம். அமாவாசை! அன்றைக்கு மீன் என்ற பேச்சையே சந்திரிகா வீட்டுக்குள் விட மாட்டாள்.

"புதன்கிழமை என் கையால மீன்!" என்று மார் தட்டினேன்.

"சத்தியமா?"

"சத்தியமா!"

புதன் சாயந்திரம் தரமணி ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"மீன் எங்கங்க?"

"அடடா, இன்னிக்கு அமாவாசைம்மா! எனக்கு அழுகையே வருது. என்ன பண்றது, நீ நாலு தோசை ஊத்திடு."

"அமாவாசை மத்தியானத்தோட முடிஞ்சிருச்சே. கீழே பொடி எழுத்துல போட்டிருக்கு, பாக்கலையா?"

பார்த்தேன். போட்டிருந்தது. பாவிகள்!

"ஐயோ, மீன் வாங்கலையே!" என்றேன். துக்கத்தையும் மீறி சந்தோஷம் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டது.

காலிங் பெல் அடித்தது. எதிர்வீட்டு இஃப்ரா, கையில் டப்பாவோடு.

"அக்கா, நேத்து எங்க ஃப்ரிட்ஜ்ல வெச்சீங்களே, சங்கரா. அண்ணன் சமைக்கிறாராமே? எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரட்டா, பாக்க?"

சந்திரிகா என் பக்கம் திரும்பினாள். "நீங்க புதன்கிழமைன்னதுமே நானும் காலண்டரைப் பாத்துட்டேன். அமாவாசையன்னிக்கு நம்ம ஃப்ரிட்ஜ்ல மீன் இருக்கக் கூடாதில்ல, அதான் அங்கே வெச்சேன்."

செதில் என் சட்டையில், மூக்குக்கண்ணாடியில், காதுக்குள் எல்லாம் பறந்தது. சாமை களியானது. பீன்ஸ் கரியானது. மீன், தோசைக்கல்லை விட்டு வர மாட்டேன் என்று அடம் பிடித்தது.

ஆனால் எனக்குள் ஒரே குஷி. இதைத் தின்றவள் இனி என்னை அடுப்புப் பக்கம் விடுவாளா? எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு பிடி உப்பு போட்டேன்.

சந்திரிகா ஒரு வாய் வைத்தாள். மென்றாள். ஒரு சொம்பு தண்ணீரையும் குடித்து முடித்தாள்.

"எப்படி இருக்கு?"

"கேவலமா இருக்கு."

ஜெயித்துவிட்டேன்! முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ள ரொம்பச் சிரமப்பட்டேன்.

"வாரத்துக்கு ஒரு தடவை பண்ணினா கை எப்படிங்க பழகும்? நாளையிலேருந்து தினமும் நீங்களே பண்ணுங்க."