ஜாடியில் ஓடிய கார்

பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று ராயபுரத்தில் ஜாடி அண்ணன் வீணடித்த பெட்ரோலை வேறு எவரும் வீணடித்ததில்லை. தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொல்லிக்கொண்டு, அந்தக் காரைத் தள்ளவைத்தே நாலு பேரை இளைக்க வைத்த மனிதர் அவர். அந்த நாலு பேரில் நானும் ஒருவன். ஆகவே கொஞ்சம் காட்டமாகத்தான் எழுதுவேன்.

எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவர் பம்ப் ஆபரேட்டர். நான் அங்கே ஆறு மாசப் பயிற்சியில் சேர்ந்த டைப்பிஸ்ட். ஏலத்தில் எடுத்த பழைய கார் ஒன்று அவரிடம் இருந்தது. மூன்று கதவு திறக்கும், நாலாவதை உள்ளேயிருந்து உதைக்க வேண்டும். தினமும் காலையில் எங்கள் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு போவார். பஸ்ஸில் தொங்குவதற்கு இது எவ்வளவோ தேவலை என்று நாங்களும் ஏறிக்கொண்டோம்.

எழுபதுகளில் பெட்ரோல் விலை திடுதிப்பென்று ஏறியது. கார் வைத்திருந்தவர்கள் புலம்பினார்கள். இவர் பழைய பேப்பர் கடையில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையை எடுத்து, இங்கிலீஷ் தெரியாததால் படத்தை மட்டும் படித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சம்சாரத்தின் மாங்காய் ஊறுகாய் ஜாடி காலி. அதற்குள் தண்ணீர், தண்ணீரில் கொஞ்சம் காஸ்டிக் சோடா, இரண்டு எவர்சில்வர் ஸ்பூன். ஸ்பூனிலிருந்து பேட்டரிக்கு ஒயர். மூடியிலிருந்து எஞ்சினுக்கு ரப்பர் குழாய். அன்று முதல் அவர் பெயர் ஜாடி. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது.

"தண்ணிக்குள்ள இன்னா கீது, சொல்லு பாக்கலாம்" என்று என்னைக் கேட்டார்.

"மீன் இருக்கும்ணே."

"ஹைட்ரஜன் கீது நைனா. கரண்ட் வுட்டா புசுபுசுன்னு மேல வந்துகினே இருக்கும். அத்த குடிச்சிட்டு எஞ்சினு பெட்ரோல பாதியா கொறச்சிக்கும்."

"கரண்ட் எங்கேருந்து வருது?"

"பேட்டரிலேந்து."

"பேட்டரிக்கு?"

"எஞ்சின்லேந்து."

"எஞ்சினுக்கு?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீ டைப்பு அடிக்கிறவன். டைப்ப அடி" என்று சொல்லிவிட்டார்.

ஜாடியை முதலில் எஞ்சின் பக்கத்தில்தான் கட்டியிருந்தார். சூட்டில் அது ரசம் மாதிரி கொதித்து வழிந்ததால், வண்டிக்குள்ளே முன்சீட்டில் என் காலடிக்குக் குடிவந்தது. பீங்கான் ஜாடி, உள்ளே நடப்பது வெளியே தெரியாது. காதை வைத்துக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்த உத்தியோகமும் எனக்கே வந்தது. "பேசுதா?" என்பார். "பேசுது" என்பேன். அது சத்தமாகப் பேசவில்லை என்றால் வண்டியில் மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து எடுத்த நாள் முதல் பேசிக்கொண்டே இருக்கும் எங்களில் ஒருவரான ஸ்டோர்ஸ் செக்ஷன் சேவியர், எண்ணூர் போய்ச் சேர்வதற்குள் கண் பிதுங்கிப் போவார்.

ஜாடி பேட்டரியைக் குடித்துத் தீர்த்தது, அவ்வளவுதான் நடந்தது. தண்டையார்பேட்டையில் ஒருநாள் வண்டி நின்று, நாங்கள் தள்ளு தள்ளு என்று தள்ளி, எனக்கு முதல் லேட் விழுந்தது. பயிற்சிக் காலத்தில் மூன்று லேட் விழுந்தால் வேலை நிரந்தரமாகாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் அப்பா கால் முறிந்து படுத்திருந்தார். என் ஒருவன் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இதை ஜாடி அண்ணனிடம் சொன்னேன். "கவலய வுடு, தப்பு எங்கன்னு கண்டுபுட்சிட்டேன்" என்றார்.

தப்பு காஸ்டிக் சோடாவில் இருந்ததாம். அது ஏற்கெனவே சிந்தி என் பேண்ட்டில் ஜன்னல் வைத்திருந்தது. அதற்குப் பதில் காசிமேட்டிலிருந்து ஒரு குடம் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். "கடலு கீற வரிக்கும் நமக்கு இன்னா கவல?" என்றார்.

அந்த வாரம் எங்கள் டைம் கீப்பர் செத்துப்போனார். கேட்டில் உட்கார்ந்து லேட் போடுகிற மனிதர். அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடும் ஆள் தொழிற்சாலையில் கிடையாது. மரியாதைக்கு ஒரு மாலை வாங்கிக்கொண்டு திருவொற்றியூருக்குக் கிளம்பினோம். பாதி வழியில் ஜாடியிலிருந்து பிளீச்சிங் பவுடர் கொட்டிய கிணறு மாதிரி ஒரு நெடி கிளம்பியது. மூக்கில் தண்ணீர், கண்ணில் தண்ணீர், தொண்டையில் கமறல். சாவு வீட்டு வாசலில் நாலாவது கதவை உதைத்துக்கொண்டு நாங்கள் இறங்கிய கோலத்தைப் பார்த்து, அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களே எழுந்துவிட்டார்கள். சேவியருக்கு விக்கல் வேறு.

செத்தவரின் மகன் ஓடிவந்து சேவியரைக் கட்டிக்கொண்டான். "எங்க அப்பாவுக்கு ஒர்த்தரும் இல்லன்னு நெனச்சுகினு இருந்தேனே" என்று அவனும் அழ ஆரம்பித்தான். பாடை தூக்க எங்களைத்தான் முதலில் நிறுத்தினார்கள்.

மறுநாள் லேபரட்டரிக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "உப்புத் தண்ணியில கரண்ட் விட்டா குளோரின் வரும்யா. சண்டையில ஆளைக் கொல்ல விட்ட புகை அது" என்றார்.

ஜாடி அண்ணன் முகம் மலர்ந்தது. "பாத்தியா நைனா, இன்னமோ ஒண்ணு வருதுல்ல?" என்றார்.

புது டைம் கீப்பர் பழையவரைவிட மோசம். கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார். அவர் வந்த இரண்டாம் வாரமே ஜாடியின் புண்ணியத்தில் எனக்கு இரண்டாவது லேட் விழுந்தது. இனி பஸ்தான் என்று முடிவு செய்தேன்.

இதற்குள் விஷயம் எஞ்சினியர் காதுக்குப் போயிருந்தது. சிரித்துவிட்டு, "ஒரு லிட்டர்ல ராயபுரத்துலேருந்து கேட் வரைக்கும் வந்து காட்டு. கம்பெனி வண்டி எல்லாத்துக்கும் உன் ஜாடியை மாட்டலாம். ஒர்க் ஷாப்புல உனக்குன்னு ஒரு மேஜையும் போட்டுத் தரேன்" என்று சொல்லிவிட்டார். வருஷக்கணக்கில் பம்ப் ரூமின் ஈரத்தில் நின்று பாதம் வெளுத்துப்போன மனிதருக்கு அந்த மேஜை சிம்மாசனம். குறித்த நாளுக்கு முந்தின ராத்திரி எஞ்சினியரின் ஆட்கள் ராயபுரத்துக்கே வந்து டாங்கைக் காயவைத்து, ஒரு லிட்டர் அளந்து ஊற்றினார்கள். டிக்கியில் இன்னொரு கேன் பெட்ரோலை வைத்து, மூடிக்கு அரக்கு முத்திரை போட்டார்கள். வழியில் நின்றால் உடைத்துக்கொள்ளலாம், உடைத்தால் தோல்வி.

மறுநாள் காலையில் ஜாடி அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நாலு பேரும் வரணும் நைனா. பாரம் கொறஞ்சா ஏமாத்திட்டேன்னுவாங்க. இன்னிக்கு ஒரு நாளு வா" என்றார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போனேன்.

எர்ணாவூர் தாண்டும்போது வண்டி மூன்று தும்மல் போட்டு நின்றது. கேட் மூட இருபது நிமிஷம். எண்ணூருக்கு இன்னும் மூன்று மைல். ரோட்டில் பஸ்ஸும் இல்லை, லாரியும் இல்லை.

"பத்து நிமிஷம் குடு. பேட்டரில கரண்ட் கீது, ஜாடில தண்ணி கீது. கேஸு சேந்துச்சுன்னா அதுலயே போய்ச் சேந்துர்லாம்" என்றார்.

என் பொறுமை போய்விட்டது. "உங்க ஜாடிய தூக்கி கடல்ல போடுங்கண்ணே. இன்னிக்கு லேட்டானா என் வேல போச்சு. எங்க வூட்ல உங்க ஹைட்ரஜனயா குடிச்சுகினு இருக்கறது?" என்று கத்தினேன். அழுகையும் வந்துவிட்டது. அன்று ஜாடியில் மறுபடியும் காஸ்டிக் சோடாதான், குளோரின் இல்லை.

அவர் குனிந்து ஜாடியில் காதை வைத்தார். "பேசுதுடா" என்றார் மெதுவாக. பிறகு என்னை ஒரு தடவை பார்த்தார். இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவரால் அரக்கை உடைத்து, பெட்ரோலை டாங்கில் ஊற்றினார். 

கேட் மூட இரண்டு நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். நான் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டேன். பின்னால் எஞ்சினியரின் குரல் கேட்டது. "பரவால்லையே, வந்துட்டியே" என்றார்.

"இல்ல சார். அரக்க ஒடச்சிட்டேன். ஃபெயிலு" என்றார் ஜாடி அண்ணன்.

ஏன் உடைத்தார், யாருக்காக உடைத்தார் என்று அவரும் சொல்லவில்லை, கேட்டுக்கு உள்ளே நின்ற நானும் சொல்லவில்லை. எஞ்சினியர் சிரித்துக்கொண்டே போனார். இவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பம்ப் ரூமுக்குப் போனார். எனக்கு வேலை நிரந்தரமாகி, அந்த வேலையில்தான் என் வாழ்க்கை ஓடியது.

அந்த ஜாடியில் வந்த ஹைட்ரஜன் ஒரு பீடி பற்றவைக்கக்கூடக் காணாது. அன்று பத்து நாள் காத்திருந்தாலும் அந்த வண்டி ஒரு அடி நகர்ந்திருக்காது. இது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. இன்னும் பத்து நிமிஷம் பொறுத்தால் மேஜை தன்னுடையது என்று மனசார நம்பிய அந்தக் கிறுக்கர், அந்தப் பத்து நிமிஷத்தை எனக்குக் கொடுத்துவிட்டார்.