முதற்கோப்பியின் உரிமை

கோப்பி என்றால் என்னவென்று இந்த வீட்டில் எவருக்கும் தெரியாது என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என் கணவர் இராயப்பு அறிவித்தார். இந்த வீட்டில் இருப்பவர்கள் நாங்கள் இருவர்தான். ஆகையால் 'எவருக்கும்' என்றது என்னை.

"மல்லியும் சுக்கும் போட்டு வறுத்தா அது கோப்பியா புள்ள? கசாயம்."

"கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து அந்தக் கசாயத்தத்தானே கட்டில்ல இருந்து குடிக்கிறீங்க."

"வேற வழி?"

அவர் கச்சேரியில் அரச உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்றேன். விடியுமுன் எழுந்து அவருக்குக் கோப்பி ஊற்றும் பதவியிலிருந்து மட்டும் எனக்கு ஓய்வு கிடைக்கவில்லை. வெயில் முகத்தில் படும்வரை உறங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அன்று அதற்கு வழி தெரிந்தது.

"அப்ப போட்டி வைப்பம். பக்கத்து வீட்டுத் திரேசம்மா குடிச்சுப் பாத்துச் சொல்லட்டும். ஆர்ர கோப்பி நல்லமோ, அவர்தான் இனி காலம்பற முதல் கோப்பி ஊத்துறது. மற்றவர் அடுப்படிப் பக்கமே வரப்படா."

"சரி. பிறகு நீ அழப்படா."

"அழமாட்டன்."

கிணற்றடியிலுள்ள எங்கள் கோப்பி மரத்தில் பழங்கள் சிவந்திருந்தன. அவர் நன்கு கனிந்தவற்றை மட்டும் பறித்து, தோலைப் பிதுக்கி, கொட்டைகளைப் பானையில் ஊறவிட்டார். விரைவில் வேலிக்கு மேலால் திரேசம்மாவின் தலை தெரிந்தது.

"அண்ணன், கசிப்புச் சாராயம் காய்ச்சுறீங்களா? நாத்தம் எங்கட குசினி வரைக்கும் வருது."

"கோப்பிக்கொட்டை தங்கச்சி. நொதிச்சாத்தான் வழுவழுப்புக் கழலும்."

"பொலிஸ் வந்தாலும் இதையே சொல்லுங்க."

கழுவிய கொட்டைகளைப் பாயில் பரப்பி, குடை பிடித்துக்கொண்டு கோழிகளுக்குக் காவல் இருந்தார். காய்ந்ததும் உரலில் மெல்லக் குற்றி, சுளகில் புடைத்தார். உமியில் பாதி முற்றத்துக்கும் மீதி அவருடைய மீசைக்கும் போயின. முதல் தடவை வறுத்தபோது தொலைபேசியில் பேசப் போய்விட்டார். சட்டியில் கரிதான் மிஞ்சியது. இப்படியே விட்டால் மனிதர் தோற்றுவிடுவார் என்று எனக்குக் கவலை பிறந்தது. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அருகில் அமர்ந்தேன்.

"நெருப்பக் குறைங்க. கிண்டுற கை நிக்கப்படா. வெடிச்ச சத்தம் அடங்கினதும் இறக்கிச் சுளகில கொட்டுங்க."

அவர் என்னை இரக்கத்துடன் பார்த்தார். "எதிரிக்கே சொல்லித் தாறாய். உனக்குப் போட்டி எண்டா என்னெண்டே விளங்கல்ல."

போட்டியன்று அவர் கொதித்த நீரை இறக்கி, தூளைப் போட்டு மூடி, தெளியவிட்டு, துணியால் வடித்தார். எனது கோப்பிக்கு நான் வழக்கத்தைவிட ஒரு பிடி மல்லி கூட்டினேன். அது கசந்து கறுக்கும்வரை அடுப்பிலேயே கொதிக்கவிட்டேன். திறமையாகத் தோற்பதற்கும் அனுபவம் வேண்டும்.

திரேசம்மா இரண்டையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணன்ட கோப்பி சோக்கு. அக்கா, குறை நினைக்காதீங்க, உங்கடத தடிமன் காய்ச்சல் வந்தாக் குடிக்கலாம்."

இராயப்பு கனடாவிலிருக்கும் மகளுக்கு உடனே அழைப்பெடுத்தார். கோயில் மூப்பருக்கும் சொன்னார். அன்றிரவு என்னைத் தேற்றவும் செய்தார்.

மறுநாள் கிழக்கே கல்லடிப் பக்கம் வானம் வெளுக்குமுன், வழக்கம்போல் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"புள்ள, கோப்பி."

"நான் அடுப்படிப் பக்கம் வரப்படாதே."

 அவர் வாய்க்குள் ஏதோ கணக்குப் போடுவது கேட்டது. கணக்குச் சரிவரவில்லை போலும். கட்டில் கிறீச்சிட்டது. அடுப்படியில் தீக்குச்சி உரசும் ஒலி கேட்டதும் நான் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

வெயில் முகத்தில் பட்டபோது, அவர் கோப்பையுடன் நின்றிருந்தார். எழுந்து அமர்ந்து, ஆறுதலாக ஒரு மிடறு குடித்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. திரேசம்மாவும் உங்கட கோப்பிக்குத் தன்ட வெறும் சுடுதண்ணிப் போத்தல வேலியில கொழுவி வெச்சிருக்கா, கோப்பி ஆறுறதுக்குள்ள ஊத்திக் குடுங்க."