என் இரண்டாவது குடல்வால்

ஆரையம்பதி,
ஆவணி 2007.

அன்புள்ள மருமகன் இராசதுரை அவர்களுக்கு,

இங்கு மாமி சுகம். நான் கட்டிலில் கிடந்தபடி சுகம். சுவிசில் நீங்களும் மகளும் நலமாயிருக்கக் கண்ணகை அம்மனை வேண்டுகிறேன்.

வைத்தியசாலையிலிருந்து வந்த மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு, "மாமி, ஒரு மனிசனுக்கு ரெண்டு தரம் குடல்வால் வெட்டுவாங்களா?" என்று தொலைபேசியில் கேட்டீர்கள். மாமி சிரித்துச் சிரித்தே தொலைபேசியை வைத்துவிட்டா. நானே சொல்கிறேன்.

புளியந்தீவில் புதிதாகத் திறந்த தனியார் வைத்தியசாலையில், நீங்கள் காசு கட்டி எனக்கொரு அட்டை எடுத்துத் தந்தீர்கள். பொன்னிறச் சில்லு பதித்த அட்டை. என் நோயெல்லாம் அதற்குள் ஏறும், வேறு எவரும் என் பெயரில் வைத்தியம் பார்க்க முடியாது, நான்கு இலக்க இரகசிய எண்ணைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்றீர்கள். நான் விடவில்லை. அட்டையை இரவல் கேட்டு வந்தவர்களுக்கு மட்டும்தான் சொன்னேன். ஆமிக்காரரின் சோதனைச் சென்றியில் காட்டும் அடையாள அட்டையை நான் மாமியிடம்கூடக் கொடுப்பதில்லை. இது ஏணி, மண்வெட்டி போல வீட்டுப் பொருள்தானே என்று நினைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அழகரத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான், கொடுத்தேன். அங்கே மெசின் சரி என்றால் போதும், முகத்தை யாரும் பார்ப்பதில்லை. என் பெயரில் படுத்தான், என் பெயரில் அவன் குடல்வாலை வெட்டினார்கள்.

அடுத்த மாதமே எனக்கு அதே வலி. அதே வைத்தியசாலையில் சுருண்டு கிடக்கிறேன், டொக்டர் கணினியைப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்கட குடல்வால் போன மாசமே எடுத்தாச்சு. இது வாய்வு" என்று ஏதோ வெள்ளை மருந்தை நீட்டுகிறார். உண்மையைச் சொன்னால் அழகரத்தினத்தைப் பொலிசில் கொடுப்பார்கள். சொல்லாவிட்டால் நான் செத்துப்போவேன். உண்மையாகவே பயந்துவிட்டேன், மருமகன். மாமி விட்டாவா? ஆட்டோவில் ஊருக்கு ஓடி, அழகரத்தினத்தை இழுத்துவந்து, அவன் சட்டையைத் தூக்கிப் பிடித்து, "டொக்டர், மெசின விட்டுப்போட்டு இந்த ரெண்டு வயித்தையும் பாருங்க! வெட்டு ஆர்ர வயித்தில கிடக்கு?" என்று கேட்டா. டொக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பொலிஸ் என்ற பேச்சே எடுக்காமல் என்னை உள்ளே கொண்டுபோய்விட்டார்.

இனி அந்த அட்டை எவர் கைக்கும் போகாது. மாமி அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறா. "ஆரும் கேட்டு வந்தா கையை முறிச்சுப்போடுவன்" என்று காலையிலிருந்து ஒரே சத்தம்.

நோய் நொடி உங்களை அண்டாதிருக்கட்டும். அண்டினாலும் உங்கள் சொந்தப் பெயரிலேயே வந்து போகட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

மாமா அருமைநாயகம்

பி.கு.: மாமியிடம் தையல் பழகிய காத்தான்குடிப் பிள்ளை சபீனா, நிறைமாத வயிற்றோடு இப்போது வந்து வாசலில் நின்றாள். அவள் மாப்பிள்ளை கட்டாரில் வேலை. மாமி உடனே முடிச்சை அவிழ்த்து அட்டையை அவள் கையில் வைத்தா. இலக்கத்தையும் தானே சொன்னா. அடுத்த கிழமை எனக்குப் பிள்ளை பிறந்ததாக மின்னஞ்சல் வந்தால் பதறாதீர்கள். சுகப்பிரசவமாக வேண்டிக்கொள்ளுங்கள்.