நீளக்கோட்டு ஏமஸின் இருபது பாட்டுகள்

தொகுப்பு அச்சுக்குப் போக இன்னும் இருபத்து மூன்று மணி நேரம் இருந்தபோது, காணாமல் போன பாடகர் ஓரீனைக் கூப்பிட்டார்.

"கொசு, கதவைச் சாத்து."

பதினேழாவது பாட்டு முடிந்து, கிட்டாரின் கடைசி அதிர்வு அடங்கும் இடத்தில் அந்தக் குரல் வந்தது. ஒலிநாடாச் சுருளின் பெட்டியில் 1968 என்று எழுதியிருந்தது. இப்போது 1994.

ஒலிப்பதிவாளர் பெர்ஷிங் இயந்திரத்தை நிறுத்தினார். வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடும் நாள் என்பதால் அவர் இன்னொரு கையில் பொரித்த கெளுத்தி மீன் இருந்தது.

"உன்னையா கூப்பிட்டாரு?"

"ஊர்ல நான் ஒருத்திதான் கொசுவா?"

"எனக்குத் தெரிஞ்சு சிகாகோவுல நீ ஒருத்திதான்."

ஓரீன் திரும்பிப் பார்த்தாள். அவள் உள்ளே வந்தபோது சாத்தாமல் விட்ட கதவு பாதி திறந்திருந்தது.

"மொதல்ல போய்ச் சாத்தும்மா," என்றார் பெர்ஷிங் மெதுவாக. "பெரியவங்க சொன்னா கேக்கணும்."

கொசு என்பது வீட்டில் வைத்த பெயர். ஆள் அவ்வளவு சிறியவள் என்பதால் அலுவலகத்திலும் ஒட்டிக்கொண்டது.

இரண்டு வருடமாக அவள் இந்த ஒரே வேலையில் இருந்தாள். நீளக்கோட்டு ஏமஸ் டார்வர், 1953 முதல் 1969 வரை. ஒரு மனிதர் பாடியதில் சிறந்த இருபது பாட்டுகள் ஒரே தொகுப்பில். ஆகஸ்ட் வெயிலிலும் நீளக் கோட்டைக் கழற்றாதவர், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் ஒரு படம்கூட இல்லாதவர். 1969-க்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. கல்லறையும் கிடைக்கவில்லை. தொகுப்பின் பின்னட்டையில் 'தொகுத்தவர்: ஓரீன் டாகெட்' என்று வரப்போகிறது. முதல் முறை. ப்ளூஸ் இசைத்தட்டு சேகரிப்பவர்கள் ஒரு தேதி தப்பினாலும் மூன்று பக்கக் கடிதம் எழுதுகிற ஜாதி. அவர்கள் சிரித்துவிட்டால் அதோடு அவள் பெயரை யாரும் எந்த அட்டையிலும் போடமாட்டார்கள்.

"பேச்சை மட்டும் வெட்டிடுங்க," என்றாள்.

பெர்ஷிங் ஒரு நகலில் வெட்டினார். பேச்சோடு கிட்டாரின் அதிர்வும் போனது. காதலியை நினைத்து உருகிய பாட்டு, யாரோ முகத்தில் அறைந்ததுபோல் முடிந்தது.

"இதே பாட்டை அவர் ரெண்டு தடவை பாடியிருக்காரு. ரெண்டாவதைப் போடுங்க."

இரண்டாவது முதலாவதைவிட நன்றாக இருந்தது. கடைசி வரி முடிந்ததும் அதே குரல், இன்னும் நெருக்கமாக:

"கொசு, சாக்ஸை வாயில வைக்காதே."

பெர்ஷிங் அவள் காலைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்குறீங்க? நான் வைக்கல!"

"நான் ஒண்ணும் சொல்லலையே." அவர் மீன் பொட்டலத்திலிருந்து உப்பை எடுத்து இயந்திரத்தைச் சுற்றித் தூவினார். "எங்க ஆத்தா மிசிசிப்பியில செய்யும். உப்பைத் தாண்டி எதுவும் வராது."

உப்புக்கும் நாடா ஓடும் உருளைக்கும் ஆகவில்லை. இயந்திரம் நறநறவென்று அரைத்தது. அடுத்த முறை ஓட்டியபோது குரல் பாதி வேகத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"கொ... சு..."

பெர்ஷிங் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"முன்னாடியாவது மனுஷன் மாதிரி பேசிட்டு இருந்தாரு," என்றாள் ஓரீன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி சைக்ஸ் உள்ளே வந்தார். கேட்டார். இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு ஓரீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"தங்கமே! இதை முதல் பாட்டா போடு. அட்டையில பெருசா: 'இறந்தவர் அழைக்கிறார்'. பின்னட்டையில உன் படம். மெழுகுவத்தி பிடிச்சிட்டு நில்லு."

"மிஸ்டர் சைக்ஸ், இது பொருட்காட்சி இல்ல. சேகரிக்கிறவங்க என்னைக் கிழிச்சிடுவாங்க."

"கிழிக்கட்டும். வாங்கித்தானே கிழிப்பாங்க."

"இதுக்கு ஏதாவது காரணம் இருக்கும்."

"ஆறு மணிக்குள்ள கொண்டுவா. இல்லேன்னா மெழுகுவத்திதான்."

மணி இரண்டேகால். ஓரீன் முதல் பதிவை வேறோர் இயந்திரத்தில் ஓட்டி ஒரு கேசட்டில் எடுத்துக்கொண்டு, அட்டையின் மாதிரிப் படியோடு வீட்டுக்கு ஓடினாள். காரணம் ஒன்று அவளிடம் இருந்தது. அவள் அப்பா லூதர் டாகெட் ஒரு காலத்தில் ஏமஸின் கார் டிரைவர். குழந்தையை வேலைக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். ஏமஸ் பார்த்துப் பேசியிருப்பார். அவ்வளவுதான்.

அப்பா சமையலறை மேசையில் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார். மோவாயால் வாசலைக் காட்டினார். அவள் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அப்பா, சின்னதுல என்னை ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போனீங்கதானே?"

அவர் சின்ன மின்கருவியை எடுத்துத் தொண்டையில் அழுத்தினார். அவளுக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அறுவை சிகிச்சையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கருவி எல்லாச் சொல்லையும் ஒரே சுருதியில், டப்பாவுக்குள் அடைபட்ட வண்டுபோல் பேசும். ஓரீனுக்கு அப்பாவின் வேறு குரல் தெரியாது.

"இல்ல. ஒரு நாளும் கூட்டிட்டுப் போனதில்ல."

"ஏமஸ் என்னைப் பாத்திருக்காருல்ல?"

"அவர் உன்னைப் பாத்ததே இல்ல."

ஓரீன் கேசட்டைப் போட்டாள். பாட்டு ஓடியது. தனியாக ஒரு கிட்டார், ஒரு சின்ன ஒலிபெருக்கி. எங்கே பதிவானது என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை. அப்பா பென்சிலைக் கீழே வைத்தார்.

பாட்டின் நடுவில், தூரத்தில் ஒரு ரயில் சத்தம். ஸ்டுடியோவில் நல்ல கருவிகளில் கேட்டபோது அதை வெறும் இரைச்சல் என்று நினைத்திருந்தாள். ரயில் நெருங்கியது. ஒரு ஜன்னல் கண்ணாடி இரண்டு நீளமும் ஒரு குட்டையுமாக அதிர்ந்தது.

அப்போது வீட்டுக்குப் பின்னால் மேல்பாலத்தில் மூன்றேகால் ரயில் போனது. சமையலறை ஜன்னல் அதிர்ந்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை.

"கொசு, கதவைச் சாத்து," என்றது கேசட்.

ஓரீன் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அப்பா. இது இங்க எடுத்தது. இந்த ரூம்ல. அந்த ஆள் நம்ம வீட்டுக்கு வந்திருக்காரு."

"என் வீட்டுல வேத்து ஆள் யாரும் பாடினதில்ல."

"அப்ப இது யாரு? பேயா?"

அப்பா அவள் கையிலிருந்த அட்டைப் படியை வாங்கிக்கொண்டார். இருபது பாட்டுகளின் பட்டியலையும், கீழே அவள் எழுதிய குறிப்பையும் விரல் வைத்துப் படித்தார். ஓர் இடத்தில் அவர் தோள் குலுங்கியது. கருவி தொண்டையில் இல்லாததால் சிரிப்புக்குச் சத்தமில்லை.

"என்ன சிரிக்கிறீங்க?"

அவர் அந்த வரியைக் காட்டினார். '1961-க்குப் பிறகு ஏமஸின் குரலில் ஒரு கனிவு கூடியது. அந்த ஆண்டு அவர் பல்செட் கட்டிக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது.'

"ரெண்டு பேர் சொன்னாங்கப்பா! ஒருத்தர் பல் டாக்டர்!"

தோள் இன்னும் குலுங்கியது.

"சிரிங்க. என் பேர் இதுல வருது. ஆறு மணிக்கு மேல மெழுகுவத்தியோட வரும். அவர் கூடவே இருந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம். எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னா நான் எங்க போவேன்?"

 அப்பா பென்சிலை எடுத்து, பட்டியலில் எட்டாவது பாட்டுக்கும் ஒன்பதாவது பாட்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டார். குறுக்கெழுத்துக் கட்டம்போல், நேராக.

"இது என்ன கோடு?"

அவர் கருவியைத் தொண்டைக்குக் கொண்டுபோனார். 

"இது வரைக்கும்தான் அவரு."

"எது வரைக்கும்?"

"அறுபத்தொண்ணு, நவம்பர். கேரி ஊருக்குப் பாடப் போற வழி. என் காரோட பின் சீட்டுல உயிர் போயிடுச்சு. ஊர்ல அவருக்குன்னு யாருமில்ல. அங்க மண்டப வாசல்ல அறுநூறு பேரு அவர் பேரைச் சொல்லிக் கத்திட்டிருந்தாங்க."

ஓரீன் கோட்டுக்குக் கீழே எண்ணினாள். பன்னிரண்டு பாட்டுகள். அவள் பிறப்பதற்கு நாலு வருடம் முன்னால் செத்துப்போனவர், சாக்ஸை வாயில் வைக்காதே என்று சொல்லியிருக்க முடியாது.

"அப்ப... கீழ இருக்கிறது யாருப்பா?"

அப்பா எழுந்துபோய், அவள் பாதி மட்டும் சாத்தியிருந்த கதவைச் சரியாகச் சாத்திவிட்டு வந்தார். உட்கார்ந்தார். கருவியை அழுத்தினார்.

"நான்தான், கொசு. கோட்டு எனக்கு அளவா இருந்துச்சு."