பங்குச்சாமியார் எடுத்துக் கொடுத்த பல்

தெத்துப்பல் இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் அத்தனை பேருக்கும் பல்வரிசை ஒழுங்காக இருக்கும். கவனித்துப் பாருங்கள். எனக்கு மேல்வரிசையில் இரண்டு பக்கமும் தெத்துப்பல். நடுவில் இருக்கிற முன்பற்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நிற்கும். அதிர்ஷ்டக் கணக்குப்படி நான் இந்நேரம் மந்திரியாகியிருக்க வேண்டும். ஆனால் திண்டுக்கல்லில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, நான் நேரில் பார்த்தேயிராத ஒரு சென்னைக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் பில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வேலையில் பேச்சே கிடையாது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தாச்சு. எனக்கென்று இருந்தது திருச்சியில் கட்டிக்கொடுத்த ஸ்டெல்லா அக்கா ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் பண்ணுவாள். மற்ற நாளெல்லாம் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா ரோஸ்லின் டீச்சர் "சாப்டியாப்பு?" என்பார். டீக்கடைக்காரர் "சீனி கம்மியாண்ணே?" என்பார். "சாப்டேன் டீச்சர்", "ஆமாண்ணே". ஒரு நாளைக்கு என் வாயிலிருந்து வரும் மொத்தப் பேச்சே இவ்வளவுதான். சில சாயங்காலங்களில் தொண்டை வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக நானே "அல்லோ, அல்லோ" என்று சொல்லிப் பார்த்துக்கொள்வேன். (சிரிக்காதீர்கள். நீங்களும் அப்படி இருந்து பார்த்தால் தெரியும்.)

இதற்கெல்லாம் காரணம் பல்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அக்கா பெண் பார்க்க அனுப்பிய போட்டோவிலெல்லாம் வாயை இறுக்கி மூடியிருப்பேன். "பையன் ஏன் இப்படி உம்முனு இருக்காரு? லவ் ஃபெயிலியரா?" என்று கேட்டு இரண்டு இடம் தட்டிப்போயின. பல் நேரானால் சிரிக்கலாம், சிரித்தால் நாலு பேர் பேசுவார்கள், அப்புறம் கல்யாணம், பிள்ளைகுட்டி. எல்லாமே என் முன்பல்லுக்குப் பின்னால் வரிசை கட்டி நிற்பதாக நினைப்பு.

பல் டாக்டர் கம்பி போட வேண்டும் என்றார். ஒன்றரை வருஷம் ஆகும் என்றார். வாய் நிறையக் கம்பியோடு பெண் பார்க்கப் போவதா? ஓடி வந்துவிட்டேன். அப்போதுதான் செல்போனில் கண்ணில் பட்டது பல்காப்பு. குத்துச்சண்டைக்காரர்கள் வாயில் மாட்டிக்கொள்கிற ரப்பர் உறை. வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்தால் நம் பல்லுக்கு அச்சாகப் பொருந்திவிடும். வாங்கிய ஒருவர், "இதைப் போட்டதிலிருந்து என் பல் நேராகிவிட்டது" என்று எழுதி ஐந்து நட்சத்திரம் குத்தியிருந்தார். (எதிரே நின்றவன் குத்தி நேராக்கியிருப்பான் என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.) ரோஸ் கலர்தான் இருப்பு இருந்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று அதையே வாங்கினேன்.

அன்று விபூதிப் புதன், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்குகிற நாள். கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த கையோடு பார்சலும் வந்தது. வெந்நீர் வைத்தேன், கடித்தேன், மாட்டிவிட்டேன். போட்டால் பேச முடியாது. பேசினால் எச்சில் ஒழுகும். வீட்டில் ஆள் இருக்கிறவனால் இதை அரைநாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. எனக்கு ஒரு சிரமமும் இல்லை. சோறு தின்னும்போதும், பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கும்போதும் மட்டும் கழற்றினேன்.

மறுநாள் மாடிப்படியில் ரோஸ்லின் டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"சாப்டியாப்பு?"

தலையை ஆட்டினேன்.

"என்னலே, வாயத் தொறக்க மாட்டேங்குற? ஒடம்புக்கு முடியலையா? எம்மேல கோவமா?"

இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். டீச்சர் என் நெற்றியை உற்றுப் பார்த்தார். நேற்றைய சாம்பல் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"ஓ! தவக்காலத்துக்கு மவுனமா?"

மாடிக்கு ஓடிப்போய்க் கழற்றி வைத்துவிட்டு வந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். பல்லுக்காக என்று சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல் ஒரு ஆட்டு ஆட்டினேன். டீச்சர் அதற்கு முழு மார்க் போட்டுவிட்டார். "நாங்கள்லாம் கறியத்தான் விட்டோம். இந்தப் புள்ள பேச்சையே விட்டுருச்சே!" என்று கண் கலங்கினார்.

எங்கள் தெருவில் வாராவாரம் நாலு வீட்டார் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் உண்டு. அங்கே டீச்சர் சொன்னதுதான் தாமதம், தெரு முழுக்கத் தெரிந்துபோனது. என் விரதத்துக்குப் பங்கம் வரக்கூடாது என்று எல்லாரும் சேர்ந்து என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். டீக்கடைக்காரர் கேள்வியே கேட்காமல் டீயை நீட்டி நெஞ்சில் கை வைத்தார். டீச்சர் என்னைக் கண்டதும் வாயில் விரல் வைத்துச் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார். அதோடு விட்டாரா? திருச்சிக்கும் போன் போட்டு, "அவனப் பேச வச்சுக் கெடுத்துறாதம்மா" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமிருந்து போன் வரவில்லை. கைகூப்புகிற படம் ஒன்று வந்தது.

இருந்த மூன்று பேரும் போனார்கள். அடுத்த ஞாயிறும் படம்தான் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அழுதேன். வாயில் அதை வைத்துக்கொண்டு அழவும் முடியாது, மூச்சு முட்டும். அதனால் கழற்றிக் கழுவி டம்ளரில் போட்டுவிட்டு அழுதேன். பிறகு மறுபடியும் மாட்டிக்கொண்டேன். பல் நேராகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா?

பல் என்னவோ அசையவில்லை. காலையில் கண்ணாடி பார்த்தால் கொஞ்சம் நேரான மாதிரி இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் பழைய கோணல். அழுத்தம் பத்தவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை வெந்நீரில் போட்டு இளக்கினேன். அதில் அது தொளதொளத்துப் போய்விட்டது.

இதற்குள் என் பக்தியின் புகழ் கன்னிவாடி வரைக்கும் போயிருந்தது. அங்கே ஒரு உபதேசியார், கோயில் காரியங்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர், தன் மகள் பவுலினுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பையனா!" என்று அக்காவுக்கே போன் போட்டாராம். தவக்காலத்தில் நல்ல காரியம் பேச மாட்டார்கள். அதனால் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சாயங்காலப் பூசைக்கு வருகிற மாதிரி எங்கள் கோயிலுக்கு வந்து, பையனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. அக்காவும் திருச்சியிலிருந்து வந்து இறங்கினாள். பற்றாக்குறைக்குப் பங்குச்சாமியார் அந்த வருஷம், இயேசு சீடர்களுக்குச் செய்த மாதிரி பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவும் சடங்குக்கு என்னையும் ஒரு அப்போஸ்தலராகத் தேர்ந்தெடுத்துவிட்டார். பேசாமல் இருந்ததற்குப் பரிசு.

பீடத்துக்குப் பக்கத்தில் பன்னிரண்டு பேரும் வலது காலில் செருப்பில்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நான் கடைசி ஆள். பல்காப்பை நன்மைக்கு முன்னால் கழற்றிக்கொள்ளலாம் என்று மாட்டியபடியே இருந்தேன். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் பவுலின். கடுகு நிறச் சுடிதார். பூசை நடக்கும்போதே அவள் அம்மா காதில் ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தாள். அம்மா கிள்ளினார். செத்த நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தாள். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆண்டவரே, இந்த இடம் மட்டும் அமையட்டும், வீட்டில் இவள் பேசிக்கொண்டே இருக்கட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன்.

சாமியார் என் முன்னால் வந்து மண்டியிட்டார். பித்தளைத் தாம்பாளத்தில் என் காலை வைத்துத் தண்ணீர் ஊற்றி, உள்ளங்காலைத் துண்டால் துடைத்தார்.

எனக்கு உள்ளங்காலில் கூச்சம் உண்டு. அம்மா போனபிறகு என் காலை யாரும் தொட்டதில்லை, அதனால் எனக்கே மறந்துபோயிருந்தது. அடக்கினேன். முடியவில்லை. அந்தத் தவக்காலம் முழுக்கச் சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்ந்து, "ஹோ" என்று பீறிட்டுக்கொண்டு வந்தது. ரோஸ் கலரில் ஒன்று வாயிலிருந்து பறந்து தாம்பாளத் தண்ணீரில் 'ப்ளக்' என்று விழுந்தது.

பாடகர் குழு பாட்டை விட்டுவிட்டது. சாமியார் நல்ல மனுஷன். இரண்டு விரலால் அதை எடுத்து, அதே துண்டில் துடைத்து, "பிடிப்பா, பத்திரம்" என்று என் கையில் கொடுத்தார். பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அடியாத்தி, பல்செட்டுடீ!"

"இந்த வயசுலயா?"

வாசல் வரைக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் என்ன பண்ணியிருக்க வேண்டும்? வாயைத் திறந்து காட்டியிருக்க வேண்டும். பழக்க தோஷம், இறுக்கி மூடிக்கொண்டேன். பல்லே இல்லை என்பது அதோடு உறுதியாகிவிட்டது.

பூசை முடிந்ததும் உபதேசியார் கோயில் முற்றத்தில் அக்காவைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, தம்பிக்குச் சொந்தப் பல்லே கெடையாதா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அக்காவுக்கு வந்ததே கோபம்! "எந்தம்பிக்கா பல்லில்ல? டேய், வாயத் தொறடா!"

டியூப் லைட் வெளிச்சத்தில் வாயைத் திறந்தேன். உபதேசியார் பார்த்தார். அவர் மச்சினர் செல்போன் டார்ச்சை அடித்துக் கடைவாய் வரைக்கும் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அதேதான். "ஆட்டிப் பாருங்க, அம்புட்டும் சொந்தப் பல்லு!" என்று ரோஸ்லின் டீச்சர் வேறு பக்கத்தில் நின்று விளம்பரம் கொடுத்தார். ஆயுசு முழுக்க மூடி மூடி வைத்த பல்லை அன்று கன்னிவாடியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"பல்லு கோணலா இருந்துட்டுப் போகுது, அது ஒண்ணுமில்ல," என்றார் உபதேசியார். (ஒன்றுமில்லையாம்! கேட்டீர்களா?) "அப்ப கையில இருக்கிறது என்ன தம்பி?"

"பல்லு நேராகும்னு போட்டேங்க."

"மவுன விரதம்?"

"இதப் போட்டாப் பேச வராதுங்க. அதான்."

"அப்ப விரதமே இல்லையா?"

"இல்லைங்க."

டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். உபதேசியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனார். என்னுடைய கோணல் பல்லை அந்த மனுஷன் ஏற்றுக்கொண்டிருந்தார். அவர் தேடி வந்த பக்திமான்தான் அங்கே இல்லை.

பவுலின் மட்டும் போகாமல் நின்றாள்.

"ஒண்ணு கேக்கவா? தவக்காலம் பூரா பேசாம இருந்திருக்கீங்க. அத்தனை நாள்ல ஒருத்தர்கூட வந்து, எப்படிப்பா இருக்கேன்னு கேக்கலையா?"

"இல்லைங்க."

"ஒருத்தர்கூடவா?"

ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். வாயில் ஒன்றும் இல்லை, ஆனாலும் பேச்சு வரவில்லை. அவள் முகம் மாறிப்போனது. அவள் அம்மா கூப்பிட்டார். போய்விட்டாள். முதல்முறையாக அவள் ஒன்றும் பேசாமல் நடந்ததைப் பார்த்தேன்.

ஈஸ்டர் முடிந்து பல் டாக்டரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இது அடி விழுந்தா பல்லு ஒடையாமக் காப்பாத்தும், அம்புட்டுத்தான். பல்லை நகத்தாது. உங்க பல்லு எப்படி இருக்கோ அப்படியே அச்செடுத்து மாட்டியிருக்கீங்க. கோணலுக்கு ஒரு சேதாரமும் இல்ல, பத்திரமா இருக்கு," என்றார். பவுலினை நெய்க்காரப்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை நன்றாகப் பேசுவாராம். நான் கம்பியும் போடவில்லை, கல்யாணமும் இன்னும் ஆகவில்லை.

ஆனால் எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் இந்தக் கதை இல்லாமல் பந்தி முடியாது. அக்காதான் சொல்லுவாள், நடித்தே காட்டுவாள். சாமியார் இரண்டு விரலால் எடுத்து "பிடிப்பா, பத்திரம்" என்று சொல்கிற இடத்தில் நிறுத்திவிடுவாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் அத்தனை பல்லும் தெரியச் சிரிப்பேன். அதற்கப்புறம் அந்தப் பெண் கேட்டதை அக்காவிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். அவ்வளவு பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கும்போது, அதை நிறுத்த எனக்கு மனசு வருவதில்லை.